விலையை மட்டும் பேசாதீங்க, எண்ணிக்கையைக் கேளுங்க!

தோழர்களே,

"670 கோடி விமானத்தை 1,640 கோடிக்கு வாங்கிட்டாங்க"ன்னு ஒரு ரஃபேல் மீம் மறுபடியும் நம்ம குழுக்கள்ல சுத்துது. ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் இதைப் படிங்க.

காரியாபட்டியில டிராக்டர் வாங்கின யாரை வேணும்னாலும் கேளுங்க. வெறும் வண்டி விலை வேற. கலப்பை, ரொட்டவேட்டர், டிரெய்லர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலை வேற. ரஃபேலும் அப்படித்தான். 670 கோடி என்பது 2016 நவம்பரில் மக்களவையில் அரசு சொன்ன வெறும் விமானத்தின் விலை. ஆயுதம், உதிரி பாகம், பராமரிப்பு, நம்ம நாட்டுக்காகச் செய்த மாற்றங்கள் எல்லாம் சேர்த்து 36 விமானங்களுக்கான ஒப்பந்தம் சுமார் 59,000 கோடி. 36-ஆல வகுத்தா 1,640 கோடி வரும். இது ரெண்டையும் பக்கத்துல வச்சு நாம போஸ்ட் போட்டா, எதிர்த்தரப்பு ஒரே கமெண்ட்ல நம்ம வாயை அடைச்சிருவாங்க.

அப்போ கேட்க ஒண்ணுமே இல்லையா? இருக்கு. அதுதான் பெரிய கேள்வி.

விமானப்படைக்காக 2007-ல் டெண்டர் விட்டது 126 விமானங்களுக்கு. அதில் 108 விமானங்களை இங்கேயே எச்ஏஎல் தயாரிப்பதாகத் திட்டம். 2015 ஏப்ரலில் பாரிஸில் பிரதமர் அறிவித்தது 36. அத்தனையும் பிரான்ஸிலேயே தயாரானது. மிச்சம் 90 எங்கே?

2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணை கோரிய மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அதை ஏத்துக்கலாம். ஆனா அதே தீர்ப்பில், 126-க்குப் பதிலா 36 வாங்கியது சரியான முடிவான்னு நாங்க தீர்ப்பு சொல்ல முடியாதுன்னும் நீதிமன்றம் சொல்லியிருக்கு. அப்போ அந்தக் கேள்வியை நாடாளுமன்றம்தான் கேட்கணும். ஓட்டுப் போட்ட நாமதான் கேட்க வைக்கணும்.

இப்போ நிலைமையைப் பாருங்க. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. 2025 செப்டம்பர் 26-ல் கடைசி மிக்-21 ஓய்வு பெற்ற பிறகு இருந்தது 29. ஒரு பிரிவுக்கு 16 முதல் 18 விமானம். 36 ரஃபேல் என்பது ரெண்டே ரெண்டு பிரிவு.

உள்நாட்டு தேஜஸ்? 83 விமானங்களுக்கு 2021-ல் சுமார் 48,000 கோடிக்கு ஒப்பந்தம். அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய என்ஜின் தாமதமாச்சு, 2024-ல் வந்திருக்க வேண்டிய முதல் விமானம் சொன்ன தேதிக்கு வரலை. அந்த 83-ல் ஒண்ணுகூட படைக்கு வராத நிலையில், 2025 செப்டம்பரில் இன்னும் 97 விமானங்களுக்கு 62,370 கோடிக்கு மேல் கையெழுத்தாச்சு. தேஜஸ் படைப்பிரிவுகளுக்குத் தளமா இருந்தது நம்ம கோவை சூலூர். அதனால இது டெல்லி விவகாரம் மட்டும் இல்ல.

ஆகவே நாம கேட்க வேண்டியது மூணு:

1. 42 பிரிவுகளை எந்த வருஷத்துக்குள்ள எட்டப் போறீங்க?
2. தேஜஸ் தாமதத்துக்கு யார் பொறுப்பு?
3. சொந்த என்ஜின் எப்போ?

இதைக் கேட்டா 'தேசத்துரோகி'ன்னு சொல்வாங்க. சொல்லட்டும். நம்ம கரிசக்காட்டு ஊர்கள்லயிருந்தும் பசங்க படையில சேர்றாங்க. அவங்க கையில கொடுக்கிற கருவி சரியா இருக்கா, நேரத்துக்கு வருதான்னு கேட்கிறது துரோகம் இல்ல, நம்ம கடமை.

தப்பான கணக்கோட கத்துறதை விட, சரியான கணக்கோட ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். மீமை அழிச்சிட்டு இதைப் பகிருங்க.

— தகவல் தொழில்நுட்ப அணி, காரியாபட்டி ஒன்றியம்

#எண்ணிக்கை_எங்கே #விமானப்படை #தேஜஸ்