கண்ணாடிக்குத் தெரியாத பைக்

பாஸ், கார் கண்ணாடியில யாருமே இல்ல. இண்டிகேட்டர் போட்டுத் திரும்புறீங்க. 'பாம்ம்ம்'னு ஹாரன்! அந்த பைக் எங்கிருந்து குதிச்சது? எங்கிருந்தும் இல்லை. இவ்வளவு நேரமும் உங்க பின்கதவு ஓரமாத்தான் வந்துட்டிருந்தது. கண்ணாடியிலும் விழாத, ஓரக்கண்ணிலும் படாத அந்த இடம்தான் பிளைண்ட் ஸ்பாட்.

ஸ்வீடனின் வால்வோ 2004-ல் இதற்கு வாட்ச்மேன் போட்டது. பக்கக் கண்ணாடிகளுக்கு அடியில் குட்டி கேமரா, நொடிக்கு 25 படம். வண்டி வந்தால் விளக்கு எரியும். பனிமூட்டத்தில் கேமரா திணறும் என்பதால், இன்று பெரும்பாலும் பின் பம்பருக்குள் ரேடார். அது அனுப்பும் அலை வண்டியில் பட்டுத் திரும்புவதை வைத்து தூரம், வேகம் கணக்குப் போடும். அந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டால் விளக்கு கண்சிமிட்டும்; சில கார்களில் 'பீப்' சத்தமும் உண்டு.

ஆனா ஒண்ணு. பம்பர்ல சேறு அப்பியிருந்தா ரேடாருக்கும் கண்ணு மங்கும். சீறி வர்ற பைக்கை லேட்டா கவனிக்கும். அதனால விளக்கு எரியலைன்னா 'ஆளில்லை'ன்னு முடிவு பண்ணாதீங்க (அதுவும் அப்பா கார்னா!). தோளுக்கு மேல ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

பைக்ல போற பார்ட்டியா? கார் கண்ணாடியில டிரைவர் முகம் தெரியலையா? அவருக்கும் உங்களைத் தெரியாது. அங்கேயே ஒட்டிட்டு வராம முந்துங்க, இல்லைன்னா பின்தங்குங்க.