தோல்வி தானாகப் பாடம் நடத்தாது

"தோல்வியே வெற்றிக்கு முதல் படி" என்று பிள்ளைகளைத் தேற்றுவதை நிறுத்துங்கள். ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டத்தையும் பதிவாகத் திரும்பப் பார்க்கலாம். கடைசிச் சண்டையில் தோற்கவில்லை, தொடக்கத்திலேயே வேலையாட்களைச் சேர்க்க மறந்து தோற்றோம் என்பது அதில்தான் தெரியும். வென்றவனும் பார்க்க வேண்டும்: வென்றது நம் திறமையா, எதிராளியின் தவறா?

ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவிடம் போலந்து வீரர் மானா 5-0 எனத் தோற்றார். 2019 ஜனவரியில் அதன் புதிய வடிவத்தோடு நேரலையில் மோதினார். சிறு படையைப் பறக்கும் ஊர்தியில் கொண்டுபோய் அதன் தளத்தில் இறக்கினார். தாக்க வந்த பெரும்படை திரும்பி ஓடியது. அதையே திரும்பத் திரும்பச் செய்து ஜெயித்தார். 5-0 என்ற எண்ணோடு அவர் முடங்கிவிடவில்லை.

நாமோ மதிப்பெண்ணைப் பார்த்ததும் விடைத்தாளை எடைக்குப் போடுகிறோம். நூறு வாங்கிய தாளையும் பிரித்துப் பாருங்கள், ஐயா!