வெயில் விளையும் துணி: பாயா, சட்டையா, பந்தலா?

சூரிய ஒளியை மின்சாரமாக்கும் துணி பற்றிய செய்திகள் சில ஆண்டுகளாக நம் கண்ணில் பட்டு வருகின்றன. படகுக்குப் பாயாகவும் மனிதர்க்குச் சட்டையாகவும் அது வந்துவிடும் என்பதே அவற்றின் பல்லவி. கீழ்புத்துப்பட்டைக் கடந்து மரக்காணம் உப்பளங்கள் வரை செல்லும் எவர்க்கும், இக்கரைக்கு ஏற்ற பொருள்தானே இது என்று தோன்றும். சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் பாய். 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், முடியினும் மெல்லிய மின்கலங்களை டைனீமா என்னும் வலிய இழைத்துணியில் ஒட்டி, கிலோவுக்கு ஏறத்தாழ 370 வாட் தரும் துணியை அறிவித்தனர். படகின் பாயும் அவர்கள் கூறிய பயன்களுள் ஒன்று. சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணமே என்பார் உளர். அவ்வகையில் பாய்மரம் இங்கே புதிதன்று. ஆனால் பாய் நிமிர்ந்து நிற்பது. மரக்காணமோ வடக்கே 12 பாகையில் இருப்பது. ஏப்ரல், ஆகஸ்டு மாதங்களின் பிற்பகுதியில் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்க, நிமிர்ந்த பாயின்மேல் நேரொளி விழுவதே அரிது. கதிர் சாய்ந்து விழும் ஐரோப்பியக் கடல்களின் கணக்கு இங்கே செல்லாது. நேராகவே விழுந்தாலும், 10 சதுர மீட்டர் பாய் பத்து விழுக்காட்டுத் திறனில் ஒரு கிலோவாட்டுதான் தரும். இன்று கரையில் நிற்கும் கண்ணாடியிழைப் படகின் 10 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 7 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் போதுமே என்பீர்கள். அதற்கு ஒரு சிறு சோலார் பலகையே போதும்.

சட்டையின் செய்தி வேறு. துவைத்தால் கெடுமே என்ற அச்சம் பழையதாகி வருகிறது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வாளர்கள் நீரில் நனைந்தும் இயங்கும் மென்கலத்தை 2017-இலேயே காட்டிவிட்டனர். நம் தடை வெப்பம். ஒளியை உண்ணும் துணி கறுத்திருக்க வேண்டும். உண்டதில் சிறு பங்கே மின்சாரமாகும், எஞ்சியது சூடாக உடலை ஒட்டி நிற்கும். மின்கலப் படலம் வியர்வையையும் ஆவியாக விடாது. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பை மீறிய சூட்டில் உழைத்தனர். 7 விழுக்காட்டினர்க்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. இவர்கள் தோளில் கறுப்புத் துணியைப் போர்த்தி, செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள் என்பது கொடுமையே.

தமிழில் பாய் என்ற சொல் கலத்துக்கும் உண்டு, படுக்கைக்கும் உண்டு. நிமிர்த்தாமல் தலைக்குமேல் விரித்தால் என்ன? உச்சி வெயில் முழுதும் அதன்மேல் விழும். கறுப்பு அங்கே குற்றமாகாது. கீழே காற்றோட இடம் விட்டுக் கட்டினால் சூடு உடலைத் தீண்டாது. உப்பளத்தில் ஒதுங்க மரமில்லை. கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டின் நிழலிலிருந்து அங்கே போனால் இது விளங்கும். பந்தல் தரும் மின்சாரம் ஒரு விசிறியையும் குடிநீர்க் குளிர்கலத்தையும் இயக்கினால் போதும்.

கண்ணாடிப் பலகையே இதைச் செய்யாதோ? செய்யும். கட்சின் சிறு ரண் பகுதியில் அகரியா உப்புத் தொழிலாளர் டீசல் பம்பு விட்டுச் சூரிய பம்புக்கு மாறியது பலகைகளால்தான். ஆனால் பலகை சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தாங்கும் இரும்பை உப்புக்காற்று அரிக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அத்தகைய நாளில் துணியைச் சுருட்டி உள்ளே வைக்கலாம். மழைக்காலத்தில் உப்பு விளையாது, பந்தலும் வேண்டா.

ஆயுள்தான் பலவீனம். பலகை 25 ஆண்டு உழைக்கும். இத்துணி உப்பு ஈரத்தில் எத்தனை பருவம் தாங்கும் என்பதை மரக்காணத்திலேயே சோதித்தறிய வேண்டும். ஒரே ஒரு பாத்தியோரம், ஜனவரி தொடங்கிச் செப்டம்பர் வரை, ஒரு பந்தல் கட்டிப் பார்க்கலாம். அதன் செலவு குத்தகைதாரரும் அரசும் ஏற்கவேண்டியது. தொழிலாளியின் கூலியிலிருந்து ஒரு காசும் பிடித்தல் ஆகாது.