உங்கள் வயலுக்குப் பக்கத்து ஸ்டேஷன் எது?

சில ஆண்டுகளுக்கு முன்பு களக்காடு வட்டாரத்து வாழை விவசாயிகள் நாலைந்து பேர் என்னிடம் வந்தார்கள். நாங்குநேரி ஸ்டேஷனில் காலையில் ஒரு வண்டி நின்று போக வேண்டும், அதற்கு ரயில்வேக்கு மனு எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். "ஐயா எழுதினால் எடுபடும்" என்றார் ஒருவர். நானும் பெருமையோடு இரண்டு பக்கம் எழுதி, மதுரைக் கோட்ட மேலாளர் என்று முகவரியிட்டு அனுப்பினேன். பல வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, நாங்குநேரி மதுரைக் கோட்டத்திலேயே இல்லை என்று. பயிருக்குப் பூச்சி மருந்து எழுதிக் கொடுக்கும் நான், ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷன் யாருடைய கையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவர்களுக்கு ஒரு பருவத்தை வீணாக்கினேன்.

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து நான்கு திசைக்குப் பாதை பிரிகிறது. வடக்கே தாழையூத்து, கங்கைகொண்டான் வழியாக வாஞ்சி மணியாச்சிக்கு ஒன்று. மேற்கே டவுண், பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணியை ஒட்டியே சென்று, பிறகு தென்காசி, செங்கோட்டைக்குப் போவது ஒன்று. கிழக்கே பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் வழியாகத் திருச்செந்தூருக்கு ஒன்று. இந்த மூன்றும் மதுரைக் கோட்டம். தெற்கே நாங்குநேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் பாதை 1981-ல் திறக்கப்பட்டது. அது மட்டும் திருவனந்தபுரம் கோட்டம்.

இதோடு மாவட்டப் பிரிவினையையும் சேர்த்துப் பாருங்கள். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. 2019-ல் தென்காசி பிரிந்தது. ஸ்ரீவைகுண்டத்து விவசாயிக்கு ஒரு கலெக்டர், அம்பாசமுத்திரத்து விவசாயிக்கு ஒரு கலெக்டர், பாவூர்சத்திரத்து விவசாயிக்கு இன்னொரு கலெக்டர். ஆனால் ரயிலுக்கு மூவரும் மதுரைக்குத்தான் எழுத வேண்டும். அம்பாசமுத்திரமும் நாங்குநேரியும் ஒரே கலெக்டரின் கீழ் இருந்தும், ரயிலுக்கு வேறு வேறு கோட்டம். வருவாய்த்துறையின் எல்லைக்கல் ஒரு பக்கம், ரயில்வேயின் எல்லைக்கல் இன்னொரு பக்கம்.

பெயரிலும் கவனம் வேண்டும். ஸ்டேஷனில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் இருக்கும் பெயர்தான் ரயில்வேக்குத் தெரிந்த பெயர். கடையத்துக்காரர் ஏறும் இடம் பலகையில் கீழக்கடையம். அதற்கடுத்த மேட்டூரை, ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால், சேலத்து மேட்டூர் என்று எண்ணிவிடுவார்கள். டவுண் வேறு, ஜங்ஷன் வேறு, பாளையங்கோட்டை வேறு என்பது நமக்குப் பாலபாடம்; வெளியூர் அதிகாரிக்கு மூன்றும் ஒரே நகரம். அதே பலகையில் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரமும் எழுதியிருக்கும். செங்கோட்டையில் தொடங்கித் திருச்செந்தூர் வரை அந்த எண்களைக் குறித்துக்கொண்டு வந்தால், நம் ஆறு எப்படி இறங்கி வருகிறது என்பது கையில் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு சுருக்கக் குறியும் உண்டு. அம்பாசமுத்திரத்துக்கு ஏ.எஸ்.டி. 1937 முதல் அங்கே நடந்துவரும் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட அம்பை 16 ரகத்தின் விதை மூட்டையிலும் அதே ஏ.எஸ்.டி.தான். நெல்லுக்கும் ரயிலுக்கும் ஒரே விலாசம்! விதை வாங்கப் போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள்.

இனி, நிற்கும் நிலையங்களின் தரம். இரண்டு மூன்று தண்டவாளமும் ஸ்டேஷன் மாஸ்டரும் இருந்தால் அங்கே வண்டிகள் ஒன்றையொன்று கடக்க முடியும். செங்கோட்டைப் பாதையும் திருச்செந்தூர்ப் பாதையும் ஒற்றைப் பாதை என்பதால், எதிர்வண்டி வரும் வரை காத்திருப்பதும் அங்கேதான். வெறும் நடைமேடையும் டிக்கெட் கொடுக்கும் ஏஜெண்டும் மட்டும் உள்ளது ஹால்ட். ஹால்ட்டில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கிறார்கள். "ஒரு ஸ்டேஷன்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்று டிக்கெட் வாங்காமல் ஏறுகிறவர் தம் ஊர் நிறுத்தத்தின் கணக்கைத்தான் குறைக்கிறார். நிறுத்தம் கேட்டு மனு போனால் மேலே முதலில் பார்ப்பது அந்த ஸ்டேஷனின் டிக்கெட் வருமானத்தைத்தான். இதை நான் கடிந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். நிறுத்தம் போன பிறகு வருந்துவதைவிட முன்பே சொல்வது நல்லது.

கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டியபோது குறைந்த கட்டணம் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரி இறுதியில் பழையபடி 10 ரூபாய் ஆக்கினார்கள். பத்து ரூபாயில் என்ன ஆதாயம் என்று கேட்கலாம். வாழையைத் தோப்பிலேயே விலை பேசும் வியாபாரிக்கு அன்றைய சந்தை நிலவரம் தெரியும், நமக்குத் தெரியாது. டவுண் நயினார்குளம் மார்க்கெட்டுக்கோ, பாவூர்சத்திரம் சந்தைக்கோ வாரம் ஒரு நாள் நேரில் போய் விலை கேட்டு வருகிறவரை ஏமாற்றுவது கடினம். நான் பார்த்த வரையில், வேளாண் அலுவலரின் ஆலோசனையைவிட அந்தப் பயணம் சிலருக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

சரக்கு அனுப்புவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை சொந்த மூட்டை இலவசம். விற்பனைச் சரக்கைப் பெட்டியில் ஏற்ற விதி இடம் தராது, பார்சலில்தான் பதிய வேண்டும். ஒரு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் இருபது வாழைத்தாரை எப்படி ஏற்றுவது? 2020 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்கு முதல் கிசான் ரயில் கிளம்பியபோது, சிறு விவசாயி ஒரு மூட்டையானாலும் ஏற்றலாம் என்றார்கள். காய்கறி, பழங்களுக்குக் கட்டணத்தில் பாதி மானியமும் தந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வடக்கே நெடுந்தூரச் சந்தைக்குக் கூட்டாக அனுப்புகிறவர்களுக்குப் பொருந்தும். காருக்குறிச்சியிலிருந்து டவுணுக்கு அல்ல.

மனு எழுதுவதற்கும் சந்தைக்குப் போவதற்கும் மட்டும்தான் ஸ்டேஷன் என்று 2023 வரை நானும் நினைத்திருந்தேன். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துப் போயிருந்தது. பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள், தங்கள் ஊரே தண்ணீரில் நிற்கும்போது, இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள்.

நம் வயல்களுக்கு நடுவே ரயில் பாதை மேடாகத்தான் போகிறது. அந்த மேட்டுக்கு அடியில் தண்ணீர் போகச் சிறு பாலங்கள் விட்டிருக்கிறார்கள். எந்தப் பாலத்தில் வேலிக்கருவேலும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கின்றன என்பது தினமும் வரப்பில் நடக்கும் உங்களுக்குத்தான் தெரியும். புரட்டாசிக்குள் அதைப் பார்த்து, எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே, பாலத்தின் சுவரில் எழுதியுள்ள எண் என்ன என்று ஒரு தாளில் குறித்துப் பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்துவிடுங்கள். கோட்ட மேலாளருக்கு ஒரு நகல் போகட்டும். நாங்குநேரி, வள்ளியூர்க்காரர்கள் மட்டும் அதைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்புங்கள்.