டெலீட் செய்தால் மட்டும் போதாது!

வீட்டில் கம்ப்யூட்டர் வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, ஆபீஸ் பைல்களைப் பென் டிரைவில் கொண்டு வந்து அதில் காப்பி செய்வதுதான். இரவில் உட்கார்ந்து வேலையை முடிக்கலாம் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் வேலையை விட்ட பிறகும் அந்த பைல்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே கிடக்கின்றன. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர் ஆரம்பாக்கத்தில் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் தடா, ஸ்ரீசிட்டி. அங்கே கூடுதல் சம்பளம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். வேலையை விட்ட பிறகும் போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் பழைய கம்பெனியின் டிராயிங்கும் வாடிக்கையாளர் பட்டியலும் அவருடன் போகக்கூடாது.

இந்தக் கோட்டை டில்லி உயர் நீதிமன்றம் 2006 மே மாதம் தெளிவாகப் போட்டது. டைட்டஸ் அண்ட் கம்பெனி என்ற வக்கீல் நிறுவனத்தை விட்டுப் போனவர்கள் மீது, கம்ப்யூட்டரில் இருந்த தகவல்களைக் காப்பி செய்ததாக வழக்கு. கற்ற திறமையையும் மனதில் நிற்கும் தகவலையும் பயன்படுத்தித் தொழில் செய்யலாம். காப்பி செய்த பைல்களைப் பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. என்னைக் கேட்டால் இதைவிட நியாயமான தீர்வு இல்லை. மூளையில் இருப்பது உங்களுடையது. பென் டிரைவில் இருப்பது கம்பெனியுடையது.

இப்படி ஒரு தடை உத்தரவு வந்த பிறகு, தெரிந்தே அதை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, 2000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இடைக்காலத் தடையை மீறினால் சொத்தை ஜப்தி செய்யவும், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. எல்லை தாண்டி ஆந்திராவில் வேலை பார்த்தாலும் தப்பிக்க முடியாது. உத்தரவு ஊரின் மீது அல்ல, ஆளின் மீது.

வேண்டுமென்றே மீறினால்தான் அவமதிப்பு என்பது உண்மை. அதற்காகக் கவனக்குறைவு இலவசம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஆப்பிள் - சாம்சங் வழக்கில், ஆப்பிளுக்கும் நோக்கியாவுக்கும் இடையிலான ரகசிய லைசென்ஸ் விவரங்கள் நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவின் கீழ் இருந்தன. சாம்சங்கின் வக்கீல்கள் 2012இல் ஒரு அறிக்கையைச் சரியாக மறைக்காமல் எப்டிபி தளத்தில் ஏற்றினர். சாம்சங் ஊழியர்கள் பலருக்கு அது கிடைத்துவிட்டது. விளைவு? அந்த வக்கீல் நிறுவனம் 20 லட்சம் டாலருக்கு மேல் தர வேண்டும் என்று 2014இல் உத்தரவானது. பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி!

"டெலீட் செய்துவிட்டேனே" என்பீர்கள். டெலீட் செய்த பைல் முதலில் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகிறது. அதையும் காலி செய்தால்கூட, பழைய ஹார்ட் டிஸ்க்கில் வேறு தகவல் அதன் மேல் பதியும் வரை மீட்க வாய்ப்பு உண்டு. இமெயில், கூகுள் டிரைவ், வாட்ஸ்அப் என்று வேறு பிரதிகளும் இருக்கும். மேலும், உத்தரவு வந்த பிறகு அவசரமாக அழிப்பது சாட்சியத்தை அழிப்பதாகவும் ஆகலாம். எதையும் தொடாமல், எந்தெந்த இடத்தில் பிரதி இருக்கிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போவதே புத்திசாலித்தனம்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. வேலையை வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டுப் பிறகு வழக்குப் போடுவது சரியல்ல. வீட்டில் செய்ய வேண்டிய வேலை என்றால் கம்பெனி கம்ப்யூட்டரையே கொடுங்கள். ஊழியர் விலகும் நாளில் எதை ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, ஆபீஸ் பைல் எது, சொந்த பைல் எது என்று தனித்தனி போல்டரில் பிரித்து வையுங்கள். விலகும் நாளில் எதைத் திருப்பித் தர வேண்டும் என்பது தானாகத் தெரியும்.