மரத்தில் பிறந்த மீன்

மார்கழி மாதத்து மழையைப் பற்றி லுணுகலைவாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று ஊவா மலைகளில் வந்து மோதத் தொடங்கிவிட்டால், நாள் முழுவதும் கூரைத் தகரத்தின் ஓசை ஓயாது. அத்தகைய விடுமுறை நாளொன்றில், நம் வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறு பட்டறை உதயமாயிற்று. ஒரு பழைய மேசை, கூரிய கத்தி, சிறிய வாள், உப்புத்தாள், தளவாடங்கள் இவ்வளவே. தொழிலாளர் இருவர்: நாமும், நம் இளைய மகனும். செய்யத் துணிந்த பொருள், மீனைப் பிடிக்கும் மர மீன்!

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து எறிவதை யாவரும் அறிவர். மரத்தால் சிறு மீன் செய்து, அதில் முள்ளைப் பொருத்தி, நீரில் இழுத்துப் பெரிய மீனை ஏமாற்றுவது வேறொரு கலை. பின்லாந்து தேசத்தில் லௌரி ரப்பாலா என்ற ஏழை மீனவர் இருந்தார். பெரிய மீன்கள் கூட்டத்தை விட்டுவிட்டு, காயம்பட்டுத் தள்ளாடும் சிறு மீனையே பாய்ந்து பிடிப்பதை அவர் கூர்ந்து கவனித்தார். 1936இல், செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவந்த வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசி, தள்ளாடி நீந்தும் மீன் ஒன்றைச் செய்துவிட்டார். 1962இல் அமெரிக்காவின் ‘லைஃப்’ சஞ்சிகை அவரைப் பற்றி எழுதியபின், அவர் கைவேலை உலகெங்கும் பரவியது.

நமக்குத் தக்கை எதற்கு? தோட்டங்களில் நிழலுக்கென்று நட்ட முள்முருங்கை இருக்கிறதே! காய்ந்த கிளை, கத்திக்கு இணங்கும், நீரில் மிதக்கும். நான்கு அங்குலத் துண்டொன்றை எடுத்து, நடுப்பகுதி பருத்தும் வால் ஒடுங்கியும் வரும்படி செதுக்கினோம். வாயிலிருந்து வால்வரை ஒரே கம்பியை உள்ளே ஓட்டினோம். மீன் மரத்தைக் கடித்து உடைத்தாலும், முட்கள் கழன்று போகாதிருக்க இதுவே காவல். பழைய பிஸ்கட் தகரத்தில் சிறு நாக்கு வெட்டி, விளிம்பை அராவி மழுக்கி, தாடையில் சாய்வாகச் செருகினோம். நீர் இந்த நாக்கில் மோதுவதால்தான் மீன் இருபுறமும் ஆடுகிறது. நாக்கு உடலோடு ஒட்டி நீண்டிருந்தால் ஆழம் போகும். செங்குத்தாக நின்றால் மேலேயே நீந்தும்.

மகன் இரண்டு நாட்கள் உட்கார்ந்து செதிலும் கண்ணும் எழுதினான். மீனைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டதும், அது பக்கவாட்டில் சாய்ந்து செத்த மீனாய் மிதந்தது! பிள்ளையின் கண்களில் நீர் முட்டியது. பிழை நம்முடையதே. வர்ணத்துக்கு முன்னமே ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து நீரில் விட்டு, எங்கே பாரம் வைத்தால் நிமிர்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். வயிற்றைத் துளைத்து இரும்பாணித் துண்டொன்றைப் பதித்ததும் மீன் நிமிர்ந்தது. பாரத்துக்காக வீட்டில் ஈயத்தை உருக்குவோரும் உண்டு. தாய்மார்கள் இதற்கு இடங்கொடுக்க வேண்டாம். ஈயத்தின் புகையும் தூசும் குழந்தைகளின் மூளைக்குக் கேடு விளைவிக்கும்.

மழை ஓய்ந்த ஒரு நாள், பிபிலைப் பக்கம் இறங்கி, ஒரு குளக்கரைக்குச் சென்றோம். முதல் எறிதலில் மர மீன் இடப்புறமாகவே ஓடியது. மூக்குக் கம்பியைச் சற்று வலப்புறம் வளைத்ததும் நேராக, அழகாகத் தள்ளாடி வந்தது. அப்போதுதான் தாமரை இலைகளுக்கிடையே செந்நிறத் திரளொன்று நீர்மேல் நெளிவதைக் கண்டோம். விரால் குஞ்சுகள்! அடியில் கரிய நிழலொன்று அசைந்தது.

“அப்பா, எறியட்டுமா?” என்றான் மகன், மூச்சை அடக்கிக்கொண்டு.

எறிந்திருந்தால் விரால் பாய்ந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது பசியினால் பாய்வதன்று. குஞ்சுகளை நெருங்கும் எதையும் அது தாக்கும். காவல் போய்விட்டால் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். இதை நாம் அவனுக்கு எடுத்துச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு தானாகவே தங்கூசியைச் சுற்றிக்கொண்டான்.

வெறுங்கையோடு வீடு திரும்பினோம். “எத்தனை மீன்?” என்று கேட்டாள் இல்லாள். “ஒன்று இருந்தது, அம்மா, அதுக்குப் பிள்ளைகள் இருந்தன” என்றான் மகன். அன்றிரவு எங்கள் வீட்டில் பருப்புக் குழம்புதான். ஆயினும் அவன் உண்ட உற்சாகத்தை நாம் முன்னெப்போதும் கண்டதில்லை.