சுண்டைக்காயும் சுமைகூலியும்

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்பது நம் முன்னோரின் பழமொழி. பொருளின் விலையைவிட அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கூலி மிகுந்துவிட்டால் அந்த வாணிகம் வீண் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. தேநீருக்கும் நாசி லெமாக்கிற்கும் கிரிப்டோ நாணயத்தில் பணம் செலுத்தும் காலம் வந்துவிட்டது என்று சிலர் கூறும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. பணம் செலுத்தும் முறை ஒன்றை எடைபோடும்போது, அது எவ்வளவு புதியது என்று பார்ப்பது போதாது. மிகச் சிறிய தொகையைச் செலுத்த அது எவ்வளவு கூலி கேட்கிறது, அந்தக் கூலியை யார் கொடுக்கிறார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கிரிப்டோ நாணயங்களில் முதலாவதான பிட்காயின், சிறு தொகைகளை மனத்தில் கொண்டே பிறந்தது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. வங்கி போன்ற இடையாளர்கள் குறுக்கே நிற்பதால் செலவு கூடுகிறது, அதனால் இணையத்தில் சிறு தொகைகளைச் செலுத்த முடியாமல் போகிறது என்று அக்கட்டுரை தன் முன்னுரையிலேயே குறைப்பட்டுக்கொண்டது. 2010 மே 22ஆம் நாள், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் லாஸ்லோ ஹான்யெட்ஸ் என்பவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா பெற்றார். அன்று அதன் மதிப்பு ஏறக்குறைய 40 டாலர். இன்றைய விலையைக் கணக்கிட்டு இதைக் கேலி செய்வோர் பலர். அவர் பிட்காயினை ஓர் இரவு உணவுக்குப் பயன்படுத்தினார் என்பதே என் கண்ணுக்குப் படுகிறது. ஆனால், கடைக்காரர் பிட்காயினைப் பெறவில்லை. இன்னொருவர் வழக்கமான பணத்தில் பீட்சாவை வாங்கி அனுப்பிவிட்டுப் பிட்காயினைத் தாம் பெற்றுக்கொண்டார். அன்றே ஓர் இடையாளர் தேவைப்பட்டார்!

இனி, கட்டணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பிட்காயின் பரிவர்த்தனைகள் கட்டம் கட்டமாகப் பதிவாகின்றன. ஏறக்குறைய பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு கட்டம் உருவாகிறது. அதில் இடம் குறைவு. பத்து நிமிடத்திற்கு ஒருமுறை மட்டும் புறப்படும் பேருந்து ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் இருக்கைக்கு நிலையான கட்டணம் இல்லை. யார் அதிகம் தருகிறாரோ அவருக்கே முதலிடம். நீங்கள் பையில் தங்கம் கொண்டுபோகிறீர்களா கீரை கொண்டுபோகிறீர்களா என்று நடத்துநர் கேட்பதில்லை. பை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறார். பிட்காயின் கட்டணமும் அப்படித்தான். அது தொகையைப் பார்ப்பதில்லை, தரவின் அளவையே பார்க்கிறது. 5 ரிங்கிட் அனுப்பினாலும் 5 மில்லியன் ரிங்கிட் அனுப்பினாலும் கட்டணம் ஒன்றாகவே இருக்கலாம். பெருந்தொகை அனுப்புபவருக்கு அது கண்ணுக்கே தெரியாத செலவு. கீரைக்காரருக்கோ அதுவே முழு முதல்.

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் அனுபவத்தை மாணவர்கள் சிலர் அறிந்திருக்கலாம். அத்தளம் 2016இல் பிட்காயினை ஏற்கத் தொடங்கியபோது ஒரு பரிவர்த்தனைக்கான கட்டணம் சுமார் 20 அமெரிக்க சென்ட். 2017 டிசம்பரில் அது 20 டாலரை நெருங்கியது. விளையாட்டின் விலையைவிடக் கட்டணம் கூடிவிடும் நிலை வந்தது. இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. பணம் போய்ச் சேர்வதற்குள் பிட்காயினின் விலை மாறிவிட்டால், வாங்கியவர் மீதித் தொகையை அனுப்ப வேண்டும் அல்லது கடை பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் மீண்டும் ஒரு கட்டணம்! அந்த மாதமே ஸ்டீம் பிட்காயினைக் கைவிட்டது. 2018 ஜனவரியில் மியாமியில் நடந்த பிட்காயின் மாநாடும் இதே காரணத்தால் நுழைவுச்சீட்டுக்குப் பிட்காயின் வாங்குவதை நிறுத்தியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதற்கு மாற்றே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. சிறு தொகைகளைத் தனிக் கணக்கில் வைத்துக்கொண்டு, இறுதி நிலுவையை மட்டும் முதன்மைப் பதிவேட்டில் எழுதும் ‘லைட்னிங்’ என்ற வலையமைப்பு உண்டு. அதில் ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். கட்டணம் குறைந்த வேறு கிரிப்டோ நாணயங்களும் உண்டு. இவற்றை ஏளனம் செய்வது நியாயமன்று. ஆனால், லைட்னிங்கில் நுழையவே முதன்மைப் பதிவேட்டில் ஒரு முறை கட்டணம் செலுத்த வேண்டும். ரிங்கிட்டைக் கிரிப்டோ நாணயமாக மாற்ற ஒரு செலவு. கடைக்காரர் அதை மீண்டும் ரிங்கிட்டாக மாற்ற இன்னொரு செலவு. அவர் மாவும் சர்க்கரையும் வாங்குவது ரிங்கிட்டில்தானே!

கட்டணமே இல்லாமல் நடத்திக் காட்டுகிறோம் என்று ஒரு நாடே முயன்றது. மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சல்வடோர் 2021 செப்டம்பர் 7ஆம் நாள் முதல் பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கியது. ‘சிவோ’ என்ற அரசாங்கச் செயலியில் பதிந்தவர்களுக்கு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் வழங்கப்பட்டது. செயலிக்குள் பணம் அனுப்பக் கட்டணம் இல்லை. பிட்காயினை டாலராக மாற்றித் தர அரசாங்கம் 150 மில்லியன் டாலர் நிதியம் ஒன்றையும் அமைத்தது. செலவு எங்கும் மறைந்துவிடவில்லை. வாங்குபவரின் தோளிலிருந்து பொதுப்பணத்தின் தோளுக்கு மாறியது, அவ்வளவே. பலர் அந்த 30 டாலரைச் செலவழித்ததோடு செயலியை மறந்தனர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் தாயகத்திற்கு அனுப்பும் பணத்திலும் மிகச் சிறு பங்கே அவ்வழியில் வந்தது. 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டு, பிட்காயினை ஏற்பது கடைக்காரரின் விருப்பத்திற்கு விடப்பட்டது.

நம் நாட்டில் கிரிப்டோ நாணயம் சட்டபூர்வ நாணயம் அன்று. ஆயினும், கூலி யாருடையது என்ற கேள்வி நமக்கும் உரியதே. இரவுச் சந்தையில் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும்போது நமக்கு ஒரு சென்கூடச் செலவில்லை. அதனால் அது இலவசம் என்று நினைத்துக்கொள்கிறோம். 2023 அக்டோபரில், டூயிட்நாவ் கியூஆர் வழி பணம் பெறும் வணிகர்களிடம் கட்டணம் வசூலிக்கப்படும் என்ற செய்தி பரவியபோது, சிறு வணிகர்கள் கலங்கினர். பின்னர், பல வங்கிகள் அவர்களுக்கு அக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. அந்தக் கலக்கத்தை மிகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பொட்டலம் நாசி லெமாக்கில் ஒருவருக்கு 60 சென் இலாபம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விற்பனைக்கும் 10 சென் கட்டணம் என்றால், அறுபது பொட்டலம் விற்கும் நாளில் பத்துப் பொட்டலங்களின் இலாபம் அவர் கைக்கு வராது.